ஆறு மந்திரங்களோடு நிற்கும் சோர்சரருக்கு ஒரு ஃபீட்

கேள்வி: 11 ஜனவரி 2025

"எங்கள் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, பாத்திரமேற்று ஆடும் மேசை ஆட்டம் 2014ஆம் ஆண்டின் ஐந்தாம் பதிப்பு விதிகளில் நடக்கிறது. 5ஆம் லெவலில் (பாத்திரத்தின் வளர்ச்சிப் படி) என் சோர்சரருக்கு (பிறவியிலேயே மந்திர ஆற்றல் உள்ள பாத்திர வகுப்பு) தெரிந்த மந்திரங்கள் ஆறு. பக்கத்தில் இருக்கும், படித்து மந்திரம் கற்கும் விஸார்டின் ஏட்டில் பதினான்கு. அவற்றிலிருந்து ஒன்பதை நாள்தோறும் விருப்பப்படி தயார் செய்துகொள்கிறார். இரண்டு மந்திரங்களைக் கூடுதலாகத் தரும் ஒரு ஃபீட்டை (பாத்திரத்துக்குத் தெரிவு செய்யும் சிறப்புத்திறன்) நாங்களே எழுதிக்கொண்டால் இந்தக் குறை தீர்ந்துவிடாதா? அது அளவு மீறியதாகிவிடுமா?"

11 ஜனவரி, இரவு

அளவு மீறியதாகாது. ஒப்பிட்டுப் பார்க்க அச்சில் வந்த ஃபீட் ஒன்றே இருக்கிறது. 2020இல் வந்த டாஷாவின் விதிநூலில் உள்ள ஃபே டச்ட், திறன்மதிப்பு ஒன்றை 1 கூட்டுகிறது; சிறு தொலைவுக்கு நொடியில் இடம்பெயரும் மிஸ்டி ஸ்டெப் மந்திரத்தைத் தருகிறது; டிவினேஷன் (மறைந்ததை அறிதல்) அல்லது என்சான்ட்மென்ட் (மனத்தை வசப்படுத்தல்) பிரிவைச் சேர்ந்த முதல் நிலை (மந்திரத்தின் வலிமைப் படி; பாத்திரத்தின் லெவல் வேறு) மந்திரம் ஒன்றையும் தருகிறது. இரண்டையும் நீண்ட ஓய்வுக்கு (இரவுத் தூக்கம் போன்றது) ஒருமுறை ஸ்லாட் (இத்தனை முறைதான் மந்திரம் போடலாம் என்ற ஒதுக்கீடு) செலவில்லாமல் பயன்படுத்தலாம். 4ஆம் லெவலில் ஐந்தே மந்திரங்கள் தெரிந்த சோர்சரர் இதை எடுத்தால் அவருடைய கையிருப்பு ஏழாகிறது. ஆகவே நீங்கள் கேட்கும் ஃபீட் ஏறத்தாழ இருக்கவே இருக்கிறது, நீங்கள் கேட்பதைவிடத் தாராளமாகவும் இருக்கிறது.

ஆனால் குறை தீராது. நான் டிஎம்மாக (ஆட்டத்தை நடத்துபவராக) இருக்கும் மேசையில் ஃபே டச்ட் எடுத்த சோர்சரர் மிஸ்டி ஸ்டெப்பை ஒவ்வொரு சண்டையிலும் பயன்படுத்தினார். மற்ற மந்திரம் தாளில் இருப்பதே அவருக்கு மறந்துபோயிற்று. அலமாரியைப் பெரிதாக்கினாலும் உடுத்துவதென்னவோ முன்வரிசையில் தொங்கும் அதே நான்கு சட்டைகளைத்தான். சோர்சரர் தேர்ந்தெடுக்கும் மந்திரம் அவரிடம் நிரந்தரமாகத் தங்கிவிடுகிறது, லெவல் ஏறும்போது ஒன்றை மட்டுமே மாற்றிக்கொள்ளலாம் என்பதால், என்றைக்கும் உதவும் மந்திரத்துக்குத்தான் அவர் இடம் கொடுப்பார். நாக் (பூட்டைத் திறப்பது), வாட்டர் பிரீத்திங் (நீருக்குள் மூச்சுவிட வைப்பது), டங்ஸ் (எம்மொழியும் புரிய வைப்பது) போன்றவை எல்லாம் சோர்சரரின் பட்டியலில் உள்ளவையே. ஆனால் ஆட்டம் முழுவதிலும் இரண்டே முறை தேவைப்படும் ஒன்றுக்காக ஆறில் ஓர் இடத்தை விட்டுக்கொடுக்க யாருக்கும் மனம் வராது. ஆறை எட்டாக்கினாலும் இந்தக் கணக்கு மாறாது.

12 ஜனவரி

சோர்சரர் ஏன் இந்த நிலைக்கு வந்தார் என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். விடை பதிப்பு வரலாற்றில் இருக்கிறது.

1974இல் இந்த ஆட்டம் முதன்முதலில் வெளிவந்தபோதே மந்திரவாதி எந்த மந்திரத்தை எத்தனை முறை பயன்படுத்தப்போகிறார் என்பதைக் காலையிலேயே முடிவு செய்துவிட வேண்டும். பயன்படுத்தியதும் அது நினைவிலிருந்து அழிந்துவிடும். 2000இல் வந்த மூன்றாம் பதிப்பில் சோர்சரர் புதிய வகுப்பாக நுழைந்தபோது அவருடைய முழுக் கவர்ச்சியும் இந்தக் கட்டு அவருக்கு இல்லை என்பதில்தான் இருந்தது. தெரிந்தவை சில, ஆனால் எதை வேண்டுமானாலும், எந்த நேரத்திலும், ஸ்லாட் இருக்கும்வரை பயன்படுத்தலாம். உயர் லெவல்களில் விஸார்டுக்கு ஒவ்வொரு மந்திர நிலையிலும் அடிப்படையாக நான்கு ஸ்லாட்டுகள் என்றால் சோர்சரருக்கு ஆறு. எண்ணிக்கையில் ஏழை, பயன்பாட்டில் செல்வந்தர் என்பது நியாயமான பேரம்.

2014இன் ஐந்தாம் பதிப்பு அந்த பேரத்தின் ஒரு பக்கத்தை மட்டும் எல்லோருக்கும் பொதுவாக்கிவிட்டது. விஸார்ட், கிளெரிக் (தெய்வ அருளால் மந்திரம் போடுபவர்), ட்ரூயிட் (இயற்கையின் ஆற்றலால் போடுபவர்) ஆகியோர் காலையில் ஒரு பட்டியலைத் தயார் செய்துகொண்டு, அதிலிருந்து விரும்பியதை விரும்பிய ஸ்லாட்டில் பயன்படுத்துகிறார்கள். அதாவது சோர்சரரின் தனிச்சிறப்பு அவர்களுக்கும் கிடைத்தது. ஸ்லாட் எண்ணிக்கையும் சமமாயிற்று. மெட்டாமேஜிக் (போடும் மந்திரத்தின் தன்மையை மாற்றும் திறன்) மட்டும் ஈடாக அவரிடம் தரப்பட்டது. பேரத்தின் மறுபக்கமான குறைந்த எண்ணிக்கை அப்படியே நின்றது. எனவே நண்பரின் ஆதங்கம் கற்பனையானதன்று; அந்த ஏழ்மை, எந்தச் செல்வத்துக்கு விலையாக வைக்கப்பட்டதோ அந்தச் செல்வம் பொதுச்சொத்தான பிறகும் தொடர்கிறது.

12 ஜனவரி, சற்றுப் பின்

"கூடுதல் மந்திரம்" என்ற யோசனையும் புதியதன்று. மூன்றாம் பதிப்புக் காலத்திலேயே எக்ஸ்ட்ரா ஸ்பெல் என்ற ஃபீட் ஒரு மந்திரத்தைக் கூடுதலாகத் தந்தது, ஆனால் எட்டக்கூடிய உச்ச நிலைக்கு ஒரு படி கீழே இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. மூன்றாம் பதிப்பின் வழிவந்த பாத்ஃபைண்டர் என்ற ஆட்டத்தில், 2010இல் மனித இனச் சோர்சரருக்கு லெவலுக்கு ஒரு மந்திரம் கூடுதலாகப் பெறும் வாய்ப்பு அதே நிபந்தனையோடு வந்தது. அதன் பிறகு சோர்சரர் என்றாலே மனிதர்தான் என்று பலர் முடிவு கட்டிவிட்டார்கள். "ஒரு படி கீழே" என்ற அந்தச் சிறு தடையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் எனக்கு அது தேவைப்படும்.

18 ஜனவரி

ஒரு ஃபீட்டின் விலையை எதனோடு ஒப்பிடுவது என்ற கேள்விக்கு வருகிறேன். 2014 விதிகளில் ஃபீட் எடுப்பவர் திறன்மதிப்பை 2 உயர்த்தும் வாய்ப்பைக் கைவிடுகிறார். சோர்சரர் தன் மந்திரத்துக்கான திறன்மதிப்பான கரிஸ்மாவை 16இலிருந்து 18ஆக்கினால் 5ஆம் லெவலில் அவருடைய டிசி (மந்திரத்திலிருந்து தப்ப எதிரி எட்ட வேண்டிய எண்) 14இலிருந்து 15ஆகும். எதிரி தப்புவதற்காக உருட்டும் இருபதுமுகப் பகடையில் கூட்டுவது (டெக்ஸ்டெரிட்டி சேவிங் த்ரோ) +2 என்று கொள்வோம். டிசி 14க்கு எதிரி தோற்கும் வாய்ப்பு 55 சதவீதம்; டிசி 15க்கு 60 சதவீதம். தீப்பந்து மந்திரமான ஃபயர்பாலின் சேதம் எட்டு ஆறுமுகப் பகடைகள், சராசரி 28. தப்பினாலும் பாதி உண்டு. ஆகவே ஓர் எதிரிக்கு எதிர்பார்க்கத்தக்க சேதம் 21.7இலிருந்து 22.4ஆகிறது. முக்கால் புள்ளிகூட இல்லை.

அதே ஐந்து சதவீதம், ஆளை அசையாமல் நிறுத்தும் ஹோல்ட் பர்சன் போன்ற, பலித்தால் முழுப்பலன், பலிக்காவிட்டால் ஒன்றுமில்லை என்ற வகை மந்திரத்தில் வேறு கணக்கு. 55 பேர் வீழ்ந்த இடத்தில் 60 பேர் வீழ்வது பதினொன்றுக்குப் பன்னிரண்டு. ஒப்பளவில் ஒன்பது சதவீத உயர்வு. எனவே ஃபயர்பால்காரருக்கு ஃபீட் மலிவு, ஹோல்ட் பர்சன்காரருக்கு விலை அதிகம். நம் ஃபீட் திறன்மதிப்பை 1 கூட்டுவதாக இருந்தால் இந்த வேறுபாடு பாதியாகக் குறையும். ஆகையால் நம்முடையதும் பாதி ஃபீட்டாக இருக்கட்டும். டாஷா நூலின் ஆசிரியர்கள் பெரும்பாலும் அதையே செய்திருக்கிறார்கள் என்பது காரணமில்லாமல் அன்று.

19 ஜனவரி

முதல் வரைவு. நீண்ட ஓய்வு ஒவ்வொன்றின் முடிவிலும், தெரிந்த மந்திரங்களுள் ஒன்றை விட்டு, அதே வகுப்புப் பட்டியலிலிருந்து அதே நிலையிலுள்ள வேறொன்றை ஏற்கலாம்.

இதுவும் என் கண்டுபிடிப்பு அன்று. 2019 நவம்பரில் ஆட்டத்தின் வெளியீட்டு நிறுவனமான விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் சோதனைக்காக வெளியிட்ட வகுப்பு மாற்று விதிகளில் ஸ்பெல் வெர்சட்டிலிட்டி என்ற பெயரில் இதே கருத்து சோர்சரர், பார்ட் (பாணர்), வார்லாக் (பெருஞ்சக்தி ஒன்றோடு உடன்படிக்கை செய்தவர்), ரேஞ்சர் (காட்டு வீரர்) ஆகியோருக்கு இலவசமாகவே தரப்பட்டது. அடுத்த ஆண்டு நூல் அச்சில் வந்தபோது அது அதில் இல்லை. கேன்ட்ரிப் (ஸ்லாட் இல்லாமல் போடும் எளிய மந்திரம்) மாற்றும் விதி மட்டும் மிஞ்சியது. நான் இலவசமாகத் தராமல் ஃபீட் என்ற விலையோடு தருகிறேன். விலை இருந்தால் நடத்தை மாறும் என்பது எதிர்பார்ப்பு.

2 பிப்ரவரி

நடத்தை மாறியது, ஆனால் நான் விரும்பிய திசையில் அன்று. இரவு முகாம் போட்டதும் சோர்சரரை ஆடுபவர் கேட்கும் முதல் கேள்வி, "நாளைக்கு நாம் எங்கே போகிறோம்?" ஆற்றங்கரை என்றால் வாட்டர் பிரீத்திங், நகரம் என்றால் டங்ஸ், பாழடைந்த கோட்டை என்றால் நாக். டிஎம்மின் மனத்திலிருப்பதை முந்தைய இரவே பிடுங்கும் கலையில் அவர் தேர்ந்துவிட்டார். பல்திறன் என்பது எதிர்பாராத ஒன்று எதிரே வந்து நிற்கும்போது கைகொடுக்க வேண்டியது. இங்கே அது வானிலை அறிக்கை கேட்டுக் குடை எடுக்கும் ஏற்பாடாகச் சுருங்கிவிட்டது. அதோடு, புதையலில் கிடைத்த மந்திரச் சுருள்கள் (ஒருமுறை படித்து மந்திரம் போட்டதும் அழிபவை) மதிப்பிழந்தன. நாளைக்கே மாற்றிக்கொள்ளலாம் என்றால் சுருளை யார் கட்டிக்காப்பார்கள்?

இன்னொன்றையும் கவனித்தேன். விஸார்டை ஆடுபவர் முகம் சுளிக்கத் தொடங்கினார். அவர் ஏட்டில் ஒரு மந்திரம் ஏறுவதற்கு நிலை ஒன்றுக்கு 50 பொற்காசும் இரண்டு மணி நேரமும் செலவழிக்கிறார், அதுவும் மூலப்பிரதி கிடைத்த பிறகு. சோர்சரருக்கோ முழுப் பட்டியலும் தூங்கி எழுந்தால் திறந்துவிடுகிறது. ஒருவருடைய குறையைத் தீர்க்கப்போய் மற்றவருடைய சிறப்பை மலிவாக்கிவிட்டால் அந்த ஃபீட் மேசைக்கு இலாபம் அன்று.

3 பிப்ரவரி

நேற்றைய குறிப்பைத் தொடர்கிறேன். எண்ணிக்கையைக் கூட்டுவதும் தீர்வன்று, இரவில் மாற்றுவதும் தீர்வன்று என்றால் எது விலை? ஐந்தாம் பதிப்பே ஓரிடத்தில் பதில் சொல்லியிருக்கிறது: ரிச்சுவல். ரிச்சுவலாகச் செய்யப்படும் மந்திரத்துக்கு ஸ்லாட் செலவில்லை; வழக்கமான நேரத்தோடு பத்து நிமிடம் கூடுதலாகப் பிடிக்கும், அவ்வளவுதான். ஆறு விநாடிச் சுற்றுகளில் நடக்கும் சண்டையில் பத்து நிமிடம் என்பது முடியாத காரியம். ஆனால் பூட்டிய கதவுக்கு முன்னால் அது தாங்கக்கூடிய விலை. காவலர் சுற்றிவரலாம், டார்ச் அணையலாம், நடுவழியில் பகை வந்து நிற்கலாம். எனக்குத் தெரிந்தவரை இந்தப் பதிப்பில் பல்திறனை ஆற்றலாக மாறவிடாமல் தரும் விதி இது ஒன்றுதான், ஏனென்றால் அது நேரத்தால் விலை வாங்குகிறது.

ஆகவே மாற்றம் நீண்ட ஓய்வில் நிகழக்கூடாது. குறு ஓய்வில் நிகழ வேண்டும். குறு ஓய்வு என்பது குறைந்தது ஒரு மணி நேரம். கோட்டைக்குள் நுழைந்து, பூட்டைக் கண்டு, பின்வாங்கி, ஒரு மணி நேரம் ஒளிந்திருந்து, நாக் மந்திரத்தோடு திரும்பி வருவது என்பதில் ஒரு கதை இருக்கிறது. முந்தைய இரவே நாக்கோடு தூங்கப்போவதில் கதை இல்லை.

9 பிப்ரவரி

இரண்டாம் நிபந்தனை: ஏற்கப்படும் மந்திரத்தை, கடைசி நீண்ட ஓய்வுக்குப் பிறகு யாராவது பயன்படுத்தக் கண்டிருக்க வேண்டும்; அல்லது அதன் சுருள் கையில் இருக்க வேண்டும். சுருளைக் கையில் வைத்திருந்தால் போதும், அழிய வேண்டியதில்லை.

மூன்றாவது, பாத்ஃபைண்டரிலிருந்து நான் கடன் வாங்குவது: அது எட்டக்கூடிய உச்ச நிலைக்கு ஒரு படியேனும் கீழே இருக்க வேண்டும். 5ஆம் லெவலில் உச்சம் மூன்றாம் நிலை. ஆகவே இரண்டாம் நிலை வரை. ஃபயர்பாலும் ஹிப்னாட்டிக் பேட்டர்னும் தெரிவுக்கே வராது. சண்டையின் போக்கைத் திருப்பும் மந்திரங்கள் நிரந்தர இடத்திலேயே இருக்கும், இரவல் வருபவை துணை நிற்கும். வாட்டர் பிரீத்திங்கும் டங்ஸும் மூன்றாம் நிலை என்பதால் 7ஆம் லெவல் வரை காத்திருக்க வேண்டும். அது எனக்குச் சம்மதமே.

10 பிப்ரவரி

பெயர் என்ன என்று கேட்கிறார்கள். விதியை எழுத ஆன நேரத்தைவிடப் பெயருக்கு எங்கள் மேசை செலவிட்ட நேரம் அதிகம். "பார்த்தாலே போதும்" என்பது பார்ட் ஆடுபவரின் முன்மொழிவு. "காப்பி அடித்தல்" என்பது விஸார்டின் முன்மொழிவு. அதில் கசப்பு இல்லை என்கிறார், நான் நம்பவில்லை. "இரவல் நினைவு" என்று வைத்திருக்கிறேன்.

23 பிப்ரவரி

இந்த வாரம் இரவல் நினைவு தன் உண்மையான முகத்தைக் காட்டியது. கல்ட் ஃபனாட்டிக் (வெறிகொண்ட வழிபாட்டுக் கூட்டத்தான்) ஒருவன் சோர்சரர் மீது ஹோல்ட் பர்சன் போட்டான்; அவர் இரண்டு சுற்று அசையாமல் நின்றார், அடி வாங்கினார், தோழர்கள் எப்படியோ காப்பாற்றினார்கள். ஒரு மணி நேரம் கழித்து அடித்தளத்தில் அவனுடைய குருவைச் சந்தித்தபோது சோர்சரர் போட்ட முதல் மந்திரம் அதே ஹோல்ட் பர்சன். மேசை முழுவதும் எழுந்து நின்றுவிட்டது. அந்தக் கல்ட் ஃபனாட்டிக் ஸ்பிரிச்சுவல் வெப்பனையும் பயன்படுத்தினான். அது சோர்சரரின் வகுப்புப் பட்டியலில் இல்லாததால் அவரால் அதை இரவல் வாங்க முடியவில்லை, முயன்றும் பார்த்தார். ஹோல்ட் பர்சன் அந்தச் சோர்சரருக்கு நிரந்தரமாகத் தெரிந்திருந்தால் இந்தக் காட்சி ஒரு சாதாரண சுற்றாகப் போயிருக்கும்.

எனக்கு ஒரு பக்கவிளைவும் பிடித்தது: எதிரி என்ன மந்திரம் போடுகிறான் என்பதை ஆட்டக்காரர் இப்போது காது கொடுத்துக் கேட்கிறார். முன்பெல்லாம் "எத்தனை சேதம்?" என்பதோடு கேள்வி முடிந்துவிடும்.

24 பிப்ரவரி

ஒரு நண்பர் ஓட்டையைச் சுட்டிக்காட்டுகிறார்: குழுவிலுள்ள விஸார்ட் காலையில் சோர்சரர் முன்னால் ஒரு மந்திரத்தைப் போட்டுக்காட்டினால் நிபந்தனை நிறைவேறிவிடுமே?

நிறைவேறும். நான் அதை அடைக்கப்போவதில்லை. விஸார்ட் ஒரு ஸ்லாட்டைச் செலவழிக்கிறார், குழு ஒரு மணி நேரத்தைச் செலவழிக்கிறது, சோர்சரர் தன்னுடைய ஒரு மந்திரத்தைக் கைவிடுகிறார். மூவரும் விலை கொடுக்கும் ஒன்றை ஓட்டை என்று சொல்ல மாட்டேன். அதிலும் முக்கியமானது, விஸார்ட் இப்போது ஆசானாகிவிட்டார். பிப்ரவரி தொடக்கத்தில் முகம் சுளித்தவர் இப்போது, "இன்று பாடம் வேண்டுமா?" என்று தாமே கேட்கிறார். தம் ஏட்டில் பணம் போட்டுச் சேர்த்ததன் மதிப்பு மற்றவருக்குப் புரிகிறது என்பதில் அவருக்குத் திருப்தி.

விஸார்ட் ரிச்சுவலாகச் செய்துகாட்டினால் ஸ்லாட்டும் மிச்சம் என்பது உண்மைதான். ஆனால் 2014 விதிகளில் சோர்சரரால் ரிச்சுவலாகச் செய்ய முடியாது. தன் ஸ்லாட்டைத்தான் செலவழிக்க வேண்டும். அருகில் மந்திரம் உண்டா என்று மட்டும் காட்டும் டிடெக்ட் மேஜிக்குக்காகவா அவர் அப்படிச் செய்வார்?

2 மார்ச்

விஸார்டுக்கும் இதுபோல் ஒரு ஃபீட் வேண்டும் என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாக: தேவையில்லை. மூன்றாம் பதிப்பில் ஸ்பெல் மாஸ்டரி என்ற ஃபீட் இருந்தது. இன்டெலிஜென்ஸ் கூட்டெண் அளவுக்குச் சில மந்திரங்களை ஏடு இல்லாமலேயே தயார் செய்ய அது அனுமதித்தது. ஏட்டைத் திருடும் பழக்கமுள்ள டிஎம்முக்கு எதிரான காப்பீட்டுத் திட்டம் என்பதற்கு மேல் அதற்குப் பயன் இருந்ததாக நினைவில்லை. 2024 விதிகளிலோ 5ஆம் லெவல் விஸார்ட் குறு ஓய்வின் முடிவில் தயார் செய்த மந்திரம் ஒன்றை மாற்றிக்கொள்ளலாம், ஃபீட்டே வேண்டாம். அந்த விதியிலும் குறு ஓய்வே விலையாக இருப்பதைப் பார்த்தபோது எனக்குச் சற்று ஆறுதலாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கிளெரிக்கும் ட்ரூயிடும் தம் முழுப் பட்டியலிலிருந்து நாள்தோறும் தெரிவு செய்பவர்கள். அவர்களுக்குக் கூடுதல் தெரிவு தந்தால் மேசையிலுள்ள மற்றவர்கள் தேநீர் குடித்து முடித்துவிடுவார்கள்.

8 மார்ச்

வேற்று வகுப்புப் பட்டியலிலிருந்து எடுக்க அனுமதித்தால்தான் உண்மையான பல்திறன் என்று ஒருவர் வலியுறுத்துகிறார். அவருக்கு நீண்ட பதில் கடன்பட்டிருக்கிறேன்.

வகுப்பை வகுப்பாக நிறுத்துவது, அதன் பட்டியலில் என்ன இல்லை என்பதும்தான். விஸார்டால் காயம் ஆற்ற முடியாது. அதனால்தான் கிளெரிக்கின் இருக்கை காலியானால் எல்லோருக்கும் தெரிகிறது. மேஜிக் இனிஷியேட் என்ற ஃபீட் இந்த வேலியில் ஒரு சிறு வாசல் வைத்தது: இரண்டு கேன்ட்ரிப், ஒரு முதல் நிலை மந்திரம், நீண்ட ஓய்வுக்கு ஒருமுறை. 2024 பதிப்பில் அந்த மந்திரத்தைத் தன் ஸ்லாட்டுகளிலும் போடலாம் என்று வாசல் அகலமாயிற்று. விளைவு என்ன? கனமான கவசமும் கேடயமும் அணிந்த கிளெரிக், விஸார்ட் பட்டியலிலிருந்து ஷீல்ட் மந்திரத்தை எடுத்துக்கொள்கிறார். ஏற்கெனவே 20இல் நிற்கும் ஆர்மர் கிளாஸ் (அடி பட எதிரி எட்ட வேண்டிய எண்) தேவைப்படும்போதெல்லாம் 25ஆகிறது. துணியுடை விஸார்டின் உயிரைக் காக்க எழுதப்பட்ட மந்திரம் இரும்புடைக்காரரைத் தொடமுடியாதவராக்குகிறது.

பிரிவால் வேலி போடலாமே என்றால், ஃபே டச்ட் அதைத்தான் செய்தது. டிவினேஷன், என்சான்ட்மென்ட் என்ற இரண்டு பிரிவுகள். முதல் நிலையில் பெரிதாக எதுவும் இல்லை என்று 2020இல் பார்த்தவர்களுக்குத் தோன்றியிருக்கும். 2021இன் இறுதியில் ஸ்ட்ரிக்ஸ்ஹேவன் நூலில் சில்வரி பார்ப்ஸ் வந்தது: முதல் நிலை, என்சான்ட்மென்ட், எதிரி வெற்றி பெற்ற பகடையை மீண்டும் உருட்ட வைக்கும், பிறர் முறையிலும் சட்டென்று செய்யத்தக்க எதிர்வினையான ரியாக்‌ஷன். ஃபே டச்ட் ஒரே இரவில் வேறு ஃபீட்டாகிவிட்டது, அதன் வரிகளில் ஓர் எழுத்துகூட மாறாமல். பிரிவை நம்பி வேலி போடுபவர் இன்னும் எழுதப்படாத நூல்களுக்கும் சேர்த்து வாக்குறுதி தருகிறார்.

இந்த இரண்டு எடுத்துக்காட்டுகளிலும் தொல்லை தந்தவை ரியாக்‌ஷன் மந்திரங்கள் என்பதைக் கவனியுங்கள். தன் முறையில் ஒருவர் ஒரு செயலைத்தான் செய்ய முடியும் என்பதால், செயலாகப் போடும் மந்திரம் எத்தனை தெரிந்திருந்தாலும் ஒன்று மற்றொன்றை விலக்கிவிடும். ரியாக்‌ஷனோ பெரும்பாலான மந்திரவாதிகளிடம் சும்மா கிடப்பது. அந்த வெற்றிடத்தில் ஒரு மந்திரத்தை வைப்பது பல்திறன் அன்று, தூய ஆற்றல். எனவே இரவல் நினைவில் நான்காவது நிபந்தனையைச் சேர்க்கிறேன்: ரியாக்‌ஷனாகப் போடப்படும் மந்திரத்தை இரவல் வாங்க முடியாது. பட்டியல் கதவைத் திறக்கப்போவதில்லை.

9 மார்ச்

இரண்டு கான்சன்ட்ரேஷன் மந்திரங்களை (போட்டவரின் கவனம் இருக்கும்வரை மட்டும் நீடிப்பவை) ஒரே நேரத்தில் தாங்கும் ஃபீட்டைப் பற்றி மூவர் தனித்தனியே எழுதியிருக்கிறார்கள். வேண்டாம். மூன்றாம் பதிப்பில் சண்டைக்கு முன் அடுக்கடுக்காக மந்திரம் ஏற்றிக்கொண்டு, எந்தக் கூட்டெண் எதோடு சேரும், எது சேராது என்று தாள் நிரம்பக் கணக்குப் போட்டவர்களுக்கு, ஐந்தாம் பதிப்பின் ஒரு நேரத்தில் ஒன்று என்ற விதி எவ்வளவு பெரிய விடுதலை என்பது தெரியும்.

வேண்டுமானால் இப்படிச் செய்யலாம்: புதிய கான்சன்ட்ரேஷன் மந்திரம் போட்டதும் பழையது உடனே மறையாமல் அடுத்த முறையின் முடிவுவரை நீடிக்கும், நீண்ட ஓய்வுக்கு ஒருமுறை. ஒரு கான்சன்ட்ரேஷன் மந்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறத் தயங்கும் ட்ரூயிடுக்கு இது துணிவு தரும். எங்கள் மேசையில் இதைப் பெற்றவர் பயன்படுத்த மறந்துகொண்டே இருந்தார். அதனால் நல்லதென்றோ கெட்டதென்றோ சொல்லும் நிலையில் நான் இல்லை.

சேதத்தின் வகையை மாற்றும் ஃபீட் கேட்டவருக்கு: டாஷா நூலின் மெட்டாமேஜிக் அடெப்ட் எடுத்து, அதில் டிரான்ஸ்மியூட்டட் ஸ்பெல் தேர்ந்தெடுங்கள். நீண்ட ஓய்வுக்கு இரண்டு சோர்சரி பாயிண்ட் (மெட்டாமேஜிக்குக்குச் செலவிடும் புள்ளி), மாற்றத்துக்கு ஒன்று. உங்கள் தேவை முடிந்தது.

22 மார்ச்

பாத்ஃபைண்டர் ஆடும் ஒரு நண்பர் நேரத்துக்குப் பதில் ஸ்லாட்டையே விலையாகக் கேட்கலாமே என்கிறார். அவர் காட்டும் முன்னுதாரணம் வலுவானது. 2019இல் வந்த பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பு, பழைய முறைப்படி ஒவ்வொரு ஸ்லாட்டிலும் ஒரு குறிப்பிட்ட மந்திரத்தைத் தயார் செய்யச் சொல்கிறது. பின்னர் வந்த ஃப்ளெக்சிபிள் ஸ்பெல்காஸ்டர் என்ற ஏற்பாட்டை எடுப்பவர் ஒவ்வொரு நிலையிலும் ஒரு ஸ்லாட்டை இழந்து, பதிலாகப் பொதுத் தொகுப்பிலிருந்து விரும்பியபடி போடும் உரிமையைப் பெறுகிறார். விலை வெளிப்படையானது, நாள் முழுவதும் உணரப்படுவது.

நம் ஆட்டத்துக்கு அதைக் கொண்டுவந்து பார்த்தேன். 5ஆம் லெவல் சோர்சரரின் ஸ்லாட்டுகள் 4, 3, 2, மொத்தம் ஒன்பது. நிலைக்கு ஒன்று கழித்தால் மூன்று போய்விடும், அதாவது மூன்றில் ஒரு பங்கு. உச்ச நிலையில் சரிபாதி. அதோடு, சோர்சரி பாயிண்டைக் கொண்டு ஸ்லாட் உருவாக்கலாம் என்பதால் — முதல் நிலைக்கு 2, இரண்டாம் நிலைக்கு 3, மூன்றாம் நிலைக்கு 5 — ஆட்டக்காரர் இழந்த ஸ்லாட்டைத் திரும்ப வாங்கவே மெட்டாமேஜிக்கைக் கைவிடுவார். சோர்சரரிடம் மிஞ்சியிருக்கும் ஒரே தனிச்சிறப்பை அவரையே விற்கச் செய்யும் ஃபீட் எனக்கு வேண்டாம். வார்லாக்குக்கு இது இன்னும் மோசம்: 10ஆம் லெவல் வரை அவரிடம் இருப்பதே இரண்டு ஸ்லாட்.

30 மார்ச்

பலர் கேட்டபடி முழு வாசகத்தை ஓரிடத்தில் தருகிறேன்.

இரவல் நினைவு. முன்தேவை: 4ஆம் லெவல், சோர்சரர், பார்ட், வார்லாக் அல்லது ரேஞ்சர் வகுப்பு. அந்த வகுப்பு மந்திரத்துக்குப் பயன்படுத்தும் திறன்மதிப்பு 1 கூடுகிறது, 20ஐத் தாண்டாது. குறு ஓய்வை முடிக்கும்போது, உனக்குத் தெரிந்த மந்திரங்களுள் ஒன்றை விட்டு, அதே வகுப்பின் பட்டியலிலிருந்து வேறொன்றை ஏற்கலாம். ஏற்கும் மந்திரம் உன்னால் போடக்கூடிய உச்ச நிலைக்குக் குறைந்ததாகவும், ரியாக்‌ஷனாகப் போடப்படாததாகவும் இருக்க வேண்டும். கடைசி நீண்ட ஓய்வுக்குப் பின் அதை யாரேனும் போட நீ கண்டிருக்க வேண்டும், அல்லது அதன் சுருள் உன் கையில் இருக்க வேண்டும். அடுத்த நீண்ட ஓய்வு முடியும்போது பழைய மந்திரம் திரும்பிவிடும். ஒருமுறை பயன்படுத்திய பின் நீண்ட ஓய்வு வரை மீண்டும் பயன்படுத்த முடியாது.

வார்லாக் பற்றி ஒரு வரி. அவருடைய ஸ்லாட்டுகள் எல்லாம் ஒரே உச்ச நிலையில் இருப்பவை என்பதால் இரவல் வாங்கிய சிறு மந்திரமும் பெரிய ஸ்லாட்டில்தான் வெளிப்படும். 5ஆம் லெவலில் இருக்கும் இரண்டில் ஒன்றை அதற்குச் செலவிடுவது ஆட்டக்காரருக்கே வலிக்கும். ஆகவே தனித்தடை வைக்கவில்லை.

2024 விதிகளில் ஆடுபவர்கள் இதை எடுக்கும் முன் யோசிக்கவும். அங்கே 5ஆம் லெவல் சோர்சரருக்கு ஒன்பது மந்திரங்கள், விஸார்டுக்கும் ஒன்பதே. ரிச்சுவல் குறியுள்ள மந்திரம் தயாராக இருந்தால் எந்த வகுப்பினரும் அதை ரிச்சுவலாகவும் செய்யலாம். கேள்வி கேட்ட நண்பரின் குறையில் பெரும்பகுதியை அந்தப் பதிப்பே எடுத்துக்கொண்டுவிட்டது.

6 ஏப்ரல்

வேரியன்ட் ஹ்யூமன் (மனித இனப் பாத்திரத்தின் மாற்று வடிவம்) முதல் லெவலிலேயே ஒரு ஃபீட் பெறுகிறாரே, அவர் இதை எடுக்கலாமா என்ற கேள்வி நேரடியாக வந்திருக்கிறது. எடுக்க முடியாது, 4ஆம் லெவல் என்ற முன்தேவை அவருக்காகவே எழுதப்பட்டது. முதல் லெவலில் சோர்சரருக்குத் தெரிந்தவை இரண்டே மந்திரங்கள், உச்ச நிலையும் ஒன்றே. உச்சத்துக்குக் கீழே வாங்குவதற்கு எதுவும் இல்லை. தடையைத் தளர்த்தினால் தெரிந்ததில் பாதியை மாற்றும் உரிமை ஆகிவிடும். அப்படிப்பட்ட ஆட்டக்காரர் முதல் லெவலில் வேறு ஃபீட் எடுத்துக்கொண்டு, 4ஆம் லெவலில் இதற்கு வரட்டும். அதற்குள் எந்தெந்த மந்திரம் தன் கையில் இல்லை என்பது அவருக்கே தெரிந்திருக்கும்.